தோ வீட்டுப் படையலில் மாட்டிறைச்சி

சந்தையில் ஓக்பூனின் கருவாட்டுக் கடைக்கும் தாக் ஜெசிக்கின் இறைச்சிக் கடைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான் உண்டு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். இருபத்தேழு வருஷமாக இரண்டு பேரும் அப்படித்தான் பிழைப்பு நடத்துகிறார்கள். ஆனால் அத்தனை வருஷத்தில் ஓக்பூன் அவரிடம் ஒரு துண்டு மாட்டிறைச்சி வாங்கியது கிடையாது. பன்றி வாங்குவாள், எலும்பு வாங்குவாள், கொழுப்புகூட வாங்குவாள். மாடு மட்டும் மூச்.

வாங்கினால் அந்த மனுஷன் சும்மா விடுவாரா? வாங்காதபோதே விடுவதில்லையே.

"என்ன ஓக்பூன், படையல் வருதே, இந்த வருஷமும் கருவாட்டு சூப்பு தானா? ஓ, மறந்துட்டேன். உங்க வீட்டுக்காரரோட தாத்தா எங்க மாட்டை முழுசா ஓட்டிக்கிட்டுப் போனாரே, அது இன்னும் தீரலையோ?"

சொல்லிவிட்டுச் சிரிப்பார் பாருங்கள், தகரமே அதிரும். ஓக்பூனும் சளைத்தவள் இல்லை. "உங்க கடையில தொங்குற மாட்டைப் பார்த்தா அந்தக் காலத்து மாடு மாதிரிதான் இருக்கு, அண்ணே. யாராச்சும் வாங்குங்கப்பா, பாவம்!" என்று திருப்பிக் கொடுப்பாள். ஆனால் வாய் பேசுமே தவிர, உள்ளே சுருக்கென்று தைக்கும். பதில் சொல்ல முடிந்தது, மறுக்க முடியவில்லை. அதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

கதை ஊருக்கே தெரியும். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்த மறு வருஷம், அவள் கணவன் கிமானின் தாத்தா தோ சுன்போ மலையில் படை சேர்த்துத் திரிந்தார். இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஊருக்குள் இறங்கினார். அவர் போனதும் தாக் பில்துவின் மாட்டையும் காணோம். பில்துவுக்கு ஒரு கால் முடமாகிவிட்டது. சுன்போ அடித்துப் போட்டுவிட்டு மாட்டை ஓட்டிப் போனார் என்பது தாக் வீட்டுக் கதை. பிறகு சுன்போ பிடிபட்டார். ஜப்பான்காரன் நீதிமன்றம் அவரைப் போராளி என்றுகூட எழுதவில்லை, கொள்ளைக்காரன் என்று எழுதித் தூக்கில் போட்டது. முப்பத்தொரு வயசு. வயிற்றுப் பிள்ளையோடு மனைவி.

அந்தப் பிள்ளைதான் ஓக்பூனின் மாமனார். அவள் கல்யாணமாகி வந்த வருஷம், தாத்தாவுக்கு வருஷா வருஷம் வைக்கும் படையலுக்குப் பணத்தை முடிந்துகொண்டு இறைச்சி வாங்கக் கிளம்பினாள். மாமனார் வாசலில் நிறுத்தினார்.

"நம்ம படையல்ல மாடு வைக்கிறதில்லம்மா. அவரை மாட்டுத் திருடன்னு எழுதி வெச்சிருக்கான். அந்த எழுத்து அழியாம அவர் முன்னாடி மாட்டை வெச்சா, நாமளே அவரைக் கேலி பண்ற மாதிரி ஆயிடும். அழியட்டும், அப்புறம் நீயே வெய்யி."

அவர் காலமாகிப் பதினைந்து வருஷமாகிறது. ஓக்பூன் வருஷா வருஷம் கருவாட்டு சூப்பு வைத்தாள். மற்ற வீட்டு மருமகள்கள் எல்லாம் படையல் மேசையில் மாட்டிறைச்சி அடுக்கியதைப் பற்றிப் பெருமை அடிக்கும்போது, "எங்க கடையில கருவாடு சும்மா கிடைக்குது, அதான்" என்று சமாளித்தாள். மாமனார் சொன்ன அந்த "அப்புறம்" மட்டும் வரவே இல்லை.

கடைசியில் அவள்தான் கிமானைப் பிடித்துத் தள்ளினாள். கிமான் பஸ் ஓட்டுகிறவர். வாயில்லாப் பூச்சி. பயணி சில்லறை தராமல் இறங்கினால்கூட ஹாரன் அடித்துக் கூப்பிடக் கூச்சப்படுவார். அன்னியன் கையில் செத்த போராளிகளுக்கு அரசாங்கம் பதக்கம் கொடுக்கிறது, பேரைத் திருத்திக் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, மனு எழுதச் சொன்னாள். அவரும் மூன்று இரவு உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

புத்தாண்டு முடிந்த வாரத்தில் பதில் வந்தது. தோ சுன்போ என்ற பேரில் ஒருவர் தூக்கிலிடப்பட்டது உண்மை. ஆனால் சிறைப் பதிவேட்டில் உள்ள தேதி அக்டோபர் முப்பத்தொன்று. மனுவில் குடும்பத்தார் கொடுத்த இறந்த தேதி அதோடு பொருந்தவில்லை. ஆகவே இருவரும் ஒருவரே என்று கொள்வதற்கில்லை.

கிமான் கடிதத்தை நாலாக மடித்தார். "விட்டுடு. எண்பத்தஞ்சு வருஷம் திருடனா இருந்தவரு, இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்."

"நீங்க விடுங்க. நான் விடமாட்டேன்."

மறுநாள் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு சந்தைக் கோடியில் ஜோசியம் பார்க்கிறவரிடம் போனாள். அவரிடம் தலையணை மாதிரி ஒரு நாட்காட்டிப் புத்தகம் இருந்தது. எந்த வருஷத்துத் தேதியைச் சொன்னாலும் சந்திர மாதக் கணக்கில் என்ன நாள் என்று சொல்லிவிடும். அவர் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். "ஒன்பதாம் மாசம், பத்தாம் நாள்."

ஓக்பூன் அப்படியே நின்றாள். அவர்கள் வீட்டுப் படையல் ஒன்பதாம் மாசம் ஒன்பதாம் நாள். அட, பைத்தியக்கார மனுஷா! கடையைக்கூடப் பூட்டாமல் பஸ் நிலையத்துக்கு ஓடினாள். கிமான் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதுகில் ஒன்று வைத்தாள்.

"இறந்த நாள்னு கேட்ட இடத்துல நீங்க என்னத்தை எழுதினீங்க?"

"நாம படைக்கிற நாளைத்தான்."

"படையல் என்னைக்கு வைப்போம்? செத்த நாளன்னைக்கா? ஆள் உசுரோட இருந்த கடைசி நாள்ல சமைச்சு, மறுநாள் பொறக்குற நேரத்துக்குப் படைக்கிறதுதானே முறை! உங்களுக்கு விடியக்காலை பஸ் இருக்குன்னு நாமளும் சாயங்காலமே முடிச்சிடுறோம். பத்தாம் நாள் செத்தவருக்கு ஒன்பதாம் நாள் படையல். இதுகூடவா தெரியாது?"

கிமான் துடைத்த துணியை மடித்துக்கொண்டே, "எங்க அப்பா ஒன்பதுன்னுதான் சொல்லிக் குடுத்தாரு" என்றார்.

"படையலுக்குச் சொன்னாருய்யா! சாவுக்கா சொன்னாரு?"

நகரத்து அலுவலகத்தில் அவளுக்கு வாய்த்தவர் பியோன் என்ற இளம் அதிகாரி. நல்ல பிள்ளை. உட்காரச் சொன்னார், பார்லி டீ கொடுத்தார், பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையாட்டினார், இல்லை என்று.

"அம்மா, நீங்க ஒன்பதுன்னு எழுதினீங்க. நாங்க பதிவேட்டுத் தேதியைச் சொன்னதும் இப்போ பத்துங்கறீங்க. இதை நான் எப்படி ஏத்துக்கறது?"

"தம்பி, உங்க வீட்ல படையல் என்னைக்கு வைப்பாங்க?"

"எங்க வீட்ல படையலே கிடையாதும்மா. தாத்தா காலத்துல இருந்தே சர்ச்சுக்குப் போறோம்."

"அட கடவுளே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள் ஓக்பூன். பிறகு, "உங்க கடவுளையும் சேர்த்துத்தான் கூப்பிடுறேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

யோசித்துப் பார்த்தாள். இந்தப் பிள்ளையிடம் எத்தனை பேசினாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். தப்பு அவர் மேல் இல்லை, சமையற்கட்டில் நின்று பார்க்காத பிள்ளை. எழுந்தாள். கூடத்தில் இருபது பேர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சந்தையில் கருவாடு விற்கிற தொண்டை அது, கேட்க வேண்டுமா?

"இங்க படையல் வைக்கிற வீட்டுக்காரங்க யாராச்சும் இருக்கீங்களா?"

இருபது தலையும் நிமிர்ந்தன.

"பத்தாம் நாள் செத்தவருக்கு எந்த நாள்ல அடுப்பு மூட்டுவீங்க?"

"ஒன்பதாம் நாள்" என்றாள் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒரு பெண், இதென்ன கேள்வி என்பதுபோல. ஜன்னலோரம் இருந்தவர், "ஒன்பதாம் நாள் சமைச்சு, நடுராத்திரி பன்னெண்டு அடிச்சதும் படைப்போம்" என்றார். "நாங்க ஏழு மணிக்கே முடிச்சிடுவோம், மறுநாள் ஆபீஸ் இருக்கே" என்றார் இன்னொருவர். "அதான் உங்க தாத்தா பன்னெண்டு மணிக்கு வந்து வெறும் தட்டைப் பார்த்துட்டுப் போறாரு" என்று ஜன்னலோரத்துக்காரர் சொல்ல, கூடம் கொல்லென்று சிரித்தது. அதற்குள் பிரிவுத் தலைவரே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். தன் அம்மா பன்னிரண்டு அடிக்கும் வரை யாரையும் ஒரு பலகாரம் தொட விடமாட்டாள் என்று அவர் பங்குக்குச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார்.

"பியோன், ஒரு நாள் வித்தியாசத்துக்காக இதுவரைக்கும் எத்தனை மனு திருப்பி அனுப்பியிருக்கோம்?"

பியோன் அலமாரியைத் திறந்தார். எண்ணும்போதே அவர் முகம் வெளுத்தது. "பதினொண்ணு சார்."

"எல்லாத்தையும் எடு."

பியோன் ஓக்பூன் முன் இடுப்பு மடிய வணங்கினார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தப் பதினோரு வீட்டிலும் எவளோ ஒருத்தி அவளைப்போலவே அடுப்படியில் காத்துக்கொண்டு இருந்திருப்பாள் அல்லவா!

ஜூன் மாதம் ஒரு முற்பகலில் பியோன் சந்தைக்கே வந்து சேர்ந்தார். சட்டை நனைந்திருந்தது. கையில் காகிதக் கட்டு. "அம்மா, பழைய தீர்ப்பு கிடைச்சிடுச்சு. மொழிபெயர்த்துக் கொண்டு வந்திருக்கேன். கிராமத்துப் பேரு, அப்பா பேரு, எல்லாம் பொருந்துது. உங்க வீட்டுத் தாத்தா தான். ஆனா இதுல வேற ஒண்ணு இருக்கு. நீங்க கேக்கணும்."

கருவாட்டுக் கட்டுகளுக்கு நடுவே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அவர் படித்தார். தகரத்துக்கு அந்தப் பக்கம் எலும்பு வெட்டுகிற சத்தம் தொக், தொக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"மாட்டின் சொந்தக்காரர் தாக் பில்து, வயது இருபத்தெட்டு, சாட்சி சொன்னதாவது."

தொக் சத்தம் நின்றது.

"என் மாடு திருடு போகவில்லை. மலையில் இருக்கிறவர்கள் பட்டினி என்று கேள்விப்பட்டு நானே கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். தோ சுன்போ வேண்டாம் என்றார். வசந்தத்தில் எதை வைத்து உழுவாய் என்று கேட்டார். நான்தான் விடாப்பிடியாகக் கொடுத்தேன். அவர் திருடர் அல்லர்." பியோன் பக்கத்தைப் புரட்டினார். "சாட்சி பொய் சொல்வதாக நீதிமன்றம் கருதுகிறது. சாட்சிக்குத் தொண்ணூறு கசையடி."

தகரத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு தாக் ஜெசிக் வந்து நின்றார். கையில் வெட்டுக்கத்தி, மார்பில் ரத்தக்கறைத் துண்டு. பியோன் பயந்து எழுந்துவிட்டார்.

"மறுபடி படி" என்றார் ஜெசிக்.

படித்தார். "இன்னொரு தடவை." மூன்றாம் தடவையும் படித்தார்.

"அப்போ அந்தக் கால் இந்த அடியிலதான் போச்சா?" என்றார் ஜெசிக். கருவாட்டுக் கூடைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். கூடை நசுங்கியது. "எங்க தாத்தா செத்துப்போற வரைக்கும் அந்தக் காலைப் பத்தி வாயே திறக்கல. பாட்டிதான் ஊர் பூரா திருட்டு, திருட்டுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. நாங்க அதை நம்பினோம். கொடுத்தோம்னு வெளிய தெரிஞ்சா ஜப்பான்காரன் மறுபடியும் வந்து இழுத்துட்டுப் போவானே, அதுக்குத்தான் சொல்லியிருக்கா. அவ அவரைக் காப்பாத்தச் சொன்ன பொய்யை நான் மென்னு மென்னு பேசிக்கிட்டு இருந்திருக்கேன், ஓக்பூன்!"

இருபத்தேழு வருஷமாக ஓக்பூன் இந்த நாளுக்காகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு கொஞ்சமா? ராத்திரி படுத்துக்கொண்டு ஒத்திகை பார்த்ததெல்லாம் உண்டு. ஆனால் அந்தக் கனத்த மனுஷன் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்ததும், அத்தனையும் மறந்து போயிற்று. "அண்ணே, கூடையை விட்டு எந்திரிங்க. கருவாடு பூரா தூளாயிடுச்சு" என்றாள்.

ஜெசிக் எழுந்தார். கண்ணைத் துடைத்தார். பிறகு சந்தை நடுவில் போய் நின்றுகொண்டு, இரண்டு கையையும் தூக்கி, "எங்க தாத்தா குடுத்தாருடா! மாட்டைக் குடுத்தாரு! தொண்ணூறு அடி வாங்கியும் மாத்திப் பேசலடா!" என்று கத்தினார். கத்தி இன்னும் கையில்தான் இருந்தது. ஜனம் சிதறி ஓடியது.

அன்றிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. இறைச்சி வாங்க வந்தவர்களிடமெல்லாம், "அந்த மாடு மட்டும் இல்லேன்னா மலையில ஒருத்தன் நடந்திருப்பானா? துப்பாக்கி தூக்கியிருப்பானா?" என்று ஆரம்பித்துவிடுவார். நேற்றுவரை திருட்டு மாடு, இன்றைக்கு அது தேசத்து மாடு! தன் தாத்தாவுக்கும் மனு எழுதினார். பியோனிடம் மூன்று தடவை தொலைபேசியில் கேட்டு, இறந்த நாள் வேறு, படையல் நாள் வேறு என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் எழுதினார்.

விடுதலை நாளன்று மாவட்ட மன்றத்தில் பதக்கம் கொடுத்தார்கள். கிமான் தம்பியிடம் இரவல் வாங்கிய கோட்டில் இருந்தார். தோள் இரண்டு விரல் அகலம் வெளியே தொங்கியது. மேடையில் அரசாங்கத்தின் ஆணையைப் படித்தார்கள். தோ சுன்போவைக் கொள்ளையர் என்று அன்னிய ஆட்சி எழுதியதை இந்த நாட்டு அரசு ஏற்கவில்லை. அவர் நாட்டுக்காகப் போராடி உயிர் கொடுத்தவர். அவர் பேர் இனி அப்படியே பதியப்படும். மூன்று வரிதான். அந்த மூன்று வரி வர எண்பத்தைந்து வருஷம். ஓக்பூன் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் யார் என்றுகூடப் பார்க்காமல் அவர் தோளில் சாய்ந்து விக்கி விக்கி அழுதாள். சந்தோஷம் தாங்காத அழுகை அது, வெட்கமே இல்லை.

ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு கிமானே பஸ்ஸை ஓட்டி வீட்டுக்குத் திரும்பும்போது, ஊர் எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு துணிப் பதாகை தொங்கியது. தோ சுன்போவுக்கு நாட்டுப் பதக்கம், வாழ்த்துகள் என்று ஊர்ச் சங்கம் கட்டியது. இருபது அடி தள்ளி அதைவிடப் பெரிதாக இன்னொன்று: அந்த மாடு எங்கள் மாடு! இறைச்சிக் கடை தாக் ஜெசிக்.

கிமான் பஸ்ஸை ஓரம் கட்டினார். பார்த்தார். தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் காரணமே இல்லாமல் ஹாரனை அழுத்தினார். கையை எடுக்கவே இல்லை. பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

சந்திர மாதம் ஒன்பதாவது வந்தது. ஒன்பதாம் நாள் காலையில் ஓக்பூன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தகரத் தடுப்பைச் சுற்றிப் போய், ஜெசிக் கடை முன் நின்றாள்.

"அண்ணே, மாட்டிறைச்சி குடுங்க. சூப்புக்கு மார்க்கறி, கோர்த்துச் சுடத் தொடைக்கறி. நல்லதா பார்த்து."

ஜெசிக் கத்தியைத் தீட்டிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார். "விக்கிறதுக்கு இல்லை."

"இதோ தொங்குதே!"

"அது வேற ஆளுக்கு. போ, போ, வியாபார நேரம்."

ஓக்பூனுக்கு முகம் சிவந்துவிட்டது. வேறு கடைக்குப் போகவும் மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து பழக்க தோஷத்தில் கருவாட்டை ஊறவைத்தாள். வைத்துவிட்டு அதையே முறைத்துப் பார்த்தாள். இந்த மனுஷன் திருந்தவே மாட்டாரா? கிமான் காய் நறுக்கிக்கொண்டே, "கருவாடே இருக்கட்டும். தாத்தாவுக்குப் பழகிப்போயிருக்கும்" என்றார். அதுகூட அவளுக்குச் சிரிப்பு மூட்டவில்லை.

மூன்று மணிக்கு வாசலில் செருமல் கேட்டது. ஜெசிக் நின்றார். வெள்ளைச் சட்டை, கழுத்து இறுக டை, தலையில் எண்ணெய். இரண்டு கையிலும் ஒரு பெரிய மரத்தட்டு. வெள்ளைத் துணி மூடியிருந்தது. பின்னால் பியோனும் நின்றார், பேரிக்காய்ப் பெட்டியோடு.

"காலையில இல்லேன்னீங்க?" என்றாள் ஓக்பூன்.

"விக்கிறதுக்கு இல்லைன்னேன்." ஜெசிக் தட்டை நீட்டினார். "எங்க தாத்தா வித்தாரா என்ன? குடுத்தாரு."

ஓக்பூன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். கிமான் வந்து மறு பக்கம் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு எங்கே நேரம்! கருவாட்டை எடுத்து ஓரம் வைத்தாள். மார்க்கறியை முள்ளங்கியோடு கொதிக்கவிட்டாள். கல்யாணமான முதல் வருஷம் செய்ய நினைத்தது, இப்போது கைப்பழக்கமே இல்லை. படைக்கும் முன் ருசி பார்க்கக்கூடாது என்பதால் உப்பைக் கண்ணால் அளந்து போட்டாள். தொடைக்கறியைக் குச்சியில் கோர்த்தபோது ஜெசிக் சமையற்கட்டு வாசலில் நின்று, "குறுக்கால வெட்டு, நாருக்குக் குறுக்கால!" என்று உயிரை வாங்கினார். "படையல் என்னுதா, உங்களுதா?" என்று கேட்டாள். "மாடு என்னுது" என்றார்.

ஆறரை மணிக்கு மேசை நிறைந்தது. பழம், பலகாரம், மீன், சாதம், நடுவே ஆவி பறக்கிற மாட்டிறைச்சி சூப்பு. புகைப்படம் இல்லாத மனுஷர், பேர் எழுதிய சீட்டுதான். சீட்டுக்கு முன் பதக்கப் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். கிமான் மதுவை ஊற்றி இரண்டு முறை விழுந்து வணங்கினார். அடுத்து ஜெசிக் வணங்கினார், டை தரையில் புரண்டது. பியோன் விழுந்து வணங்கவில்லை. கையைக் கோத்துக் கண்ணை மூடி நின்றார். அவர் கடவுளிடம் என்ன சொன்னாரோ, வெகு நேரம் சொன்னார்.

வழக்கமாகக் கிமான் அந்த இடத்தில் ஒன்றும் பேசமாட்டார். அன்று பேசினார்.

"தாத்தா, இது மாட்டிறைச்சி. பில்து தாத்தா வீட்டுலேருந்து வந்திருக்கு. அவரு குடுத்தது."

ஓக்பூன் சாதக் கிண்ணத்தில் கரண்டியைச் செருகினாள். சாப்பிடும் குச்சிகளை எடுத்து, வழக்கம்போல மீன் மேல் வைக்காமல், இறைச்சித் தட்டின் மேல் வைத்தாள். பிறகு எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள், தாத்தா நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று.

படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, முதல் வாய் சூப்பைக் குடித்த ஜெசிக் அப்படியே நிமிர்ந்தார். ஓக்பூன் அவர் முகத்தையே பார்த்தாள்.

"உப்பு கரிக்குது" என்றார்.

"எண்பத்தஞ்சு வருஷமா சேர்ந்த உப்பு, அண்ணே. குடிங்க."

அவர் கிண்ணத்தைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டார். பியோனும் கேட்டார்.